தங்க நிறத்தில் எழுத எதை வாங்கலாம்? வில்லை, பொடி, பாட்டில் மை, அசல் தங்கம்

கறுப்பு மையில் கை ஓரளவு படிந்ததும் காலிகிராஃபி பழகுகிற எல்லோருக்கும் தங்க நிறத்தில் எழுதிப் பார்க்கும் ஆசை வந்துவிடுகிறது. ஆசைக்கு மேல் தேவையும் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை உறையில் பெயர், மொய் கவரில் வாழ்த்து, அறுபதாம் கல்யாணத்துக்கு ஒரு மடல் என்று எழுதிக் கேட்கிறவர்களில் பெரும்பாலோர் தங்கம்தான் கேட்கிறார்கள். நம் வீட்டு விசேஷங்களுக்குக் கறுப்பு உறை எடுக்க மாட்டார்கள். அரக்கு, மயில்நீலம், கரும்பச்சை என்று போவார்கள். அந்த நிறங்களின் மேல் சாதாரண மையில் எழுதினால் ஊறி மறைந்துவிடும். தாளின் மேலே படர்ந்து நின்று ஒளியைத் திருப்பி அனுப்புகிற வண்ணம் வேண்டும்.

அப்படி எழுத இன்று நான்கு வழிகள் இருக்கின்றன: வில்லையாக வரும் மெட்டாலிக் வாட்டர்கலர், மினுமினுப்புப் பொடியில் பிசின் சேர்த்து நாமே குழைப்பது, பாட்டிலில் வரும் தங்க மை, அசல் தங்கம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொடங்குகிறவர் ஒரே ஒரு தங்க வில்லை வாங்கினால் போதும். ஆறு நிறம், பன்னிரண்டு நிறம் என்று செட்டாக வாங்க வேண்டியதில்லை. மற்ற மூன்று வழிகளுக்கும் இடம் உண்டு. எந்த வேலைக்கு எது என்பதில்தான் பேச நிறைய இருக்கிறது.

முதலில், மினுக்குவது எது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். மெட்டாலிக் வாட்டர்கலர் என்று விற்கப்படும் பெரும்பாலான வில்லைகளில் உலோகமே கிடையாது. இருப்பது காக்காய்ப்பொன், அதாவது மைக்கா. மைக்காவை மெல்லிய செதில்களாக்கி, ஒவ்வொரு செதிலின் மேலும் டைட்டானியம் டை ஆக்சைடை நானோமீட்டர் கணக்கில் பூசுகிறார்கள். பூச்சின் தடிமனைப் பொறுத்து வெள்ளி, பொன், சிவப்பு, நீலம் என்று சாயல் மாறும். இரும்பு ஆக்சைடு பூசினால் வெண்கலமும் செம்பும் கிடைக்கும். இரண்டையும் சேர்த்தால் நல்ல ஆழமான தங்கம். இவை ஏற்கனவே ஆக்சைடுகள் என்பதால் காற்றுப் பட்டுக் கறுக்காது. இதற்கு எதிர்ப்பக்கம் வெண்கலப் பொடி. செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகத்தை அரைத்த பொடி அது. முதல் நாள் பார்த்தால் அதன் பளபளப்புக்கு மைக்கா கிட்டே வர முடியாது. ஈரமும் அமிலமும் பட்டால் நாளடைவில் பழுப்பேறும், சில சமயம் பச்சையும் பாரிக்கும். ஒருவர் அலமாரியில் பல வருஷம் வைத்துப் பார்க்கப்போகிற மடலை வெண்கலப் பொடியில் எழுதித் தர எனக்கு மனம் வராது. வாங்கும்போது விவரத்தைப் படியுங்கள். மைக்கா என்றோ முத்துச் சாயல் நிறமி என்றோ இருந்தால் நிம்மதி.

அடுத்து, எதை வைத்து எடை போடுவது? இணையத்தில் பார்க்கும் ஒப்பீடுகள் பெரும்பாலும் தூரிகையால் பூசிய சதுரங்கள். சதுரமாகப் பூசினால் எல்லாமே அழகுதான். நமக்குத் தேவை மயிர்க்கோட்டில் அது எப்படி நிற்கிறது என்பது. இதில் தமிழுக்கென்று ஒரு சோதனை இருக்கிறது. கூர்முனை நிப்பில் கீழே இழுக்கும்போது அழுத்தினால் கோடு தடிக்கும். பக்கவாட்டில் போகும்போது மெலியும். ஆங்கிலச் சாய்வெழுத்தில் எழுத்தின் உடம்பு முழுக்கக் கீழிழுப்புக் கோடுகள். மெல்லிய கோடுகள் இணைப்புக்குத்தான் வருகின்றன. நம் எழுத்துகளில் க, த, ச எல்லாவற்றுக்கும் படுக்கைக் கோடுதான் தலை. அது மயிர்க்கோடாக விழுகிறது. வண்ணம் நீர்த்து அந்தக் கோடு மங்கினால், விளக்கொளியில் உறையைச் சற்றுத் திருப்பியதும் எழுத்தில் பாதி காணாமல் போகும்.

நான் எந்தப் புதிய வண்ணத்தையும் ‘கண்ணன்’ என்று எழுதித்தான் பார்ப்பேன். அந்த ஒரு சொல்லில் எல்லாம் வந்துவிடுகிறது. முதலில் க-வின் படுக்கைக் கோடு. பிறகு மூன்று சுழி ண, அடுத்தடுத்து இரண்டு. வண்ணம் தண்ணியாக இருந்தால் சுழிக்குள் குளம் கட்டி அடைத்துக்கொள்ளும். ஒரு சுழி அடைந்துவிட்டால் மூன்று சுழி இரண்டு சுழியாகத் தெரியும், பெயரே மாறிவிடும். வண்ணம் கெட்டியாக இருந்தால் சுழி திரும்பும் இடத்தில் நிப் வறண்டு கோடு அறுபடும். கடைசியாகப் புள்ளிகள். நிப்பால் தொட்டு வைக்கும் புள்ளியில் வண்ணம் குவிந்து நிற்கிறது. எழுத்தெல்லாம் காய்ந்த பிறகும் புள்ளி மட்டும் ஈரமாக இருக்கும். உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது மேல் உறையின் முதுகில் ஒட்டுவது அந்தப் புள்ளிதான். எழுதி முடித்து நன்றாகக் காய்ந்ததும் விரலால் ஒருமுறை தேய்த்துப் பார்க்க வேண்டும். விரலில் பொன்பொடி வந்தால் பிசின் போதவில்லை.

இந்தச் சோதனையில் என்னிடம் முதலிடம் பிடித்தது ஜெர்மனியின் ஃபைன்டெக் நிறுவனத்தின் வில்லைகள். இப்போது கொலிரோ என்ற பெயரில் வருகின்றன. முப்பது மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்ட வில்லை. தனித்தனியாகவும் விற்கிறார்கள் என்பது நமக்குப் பெரிய சௌகரியம். அரேபிக் கோல்டு, இன்கா கோல்டு, திபெத் கோல்டு என்று தங்கத்திலேயே பல சாயல்கள் உண்டு. உறையில் பெயர் எழுதுகிறவர்கள் உலகெங்கும் அதிகம் பேசுவது அரேபிக் கோல்டு பற்றித்தான். அரக்குத் தாளின் மேல் எழுதிப் பார்த்தால் காரணம் புரியும். செம்பும் ஏறாமல் எலுமிச்சை மஞ்சளும் தட்டாமல், நம் கண்ணுக்குப் பழகிய பவுன் நிறத்துக்கு அது பக்கத்தில் நிற்கிறது. செதில்கள் நுண்ணியவை என்பதால் மயிர்க்கோடு மங்காமல் நிறைவாக விழுகிறது. சுழிகள் திறந்தே நிற்கின்றன.

ஜப்பானின் நாரா நகரத்தில் 1902-இல் தொடங்கிய குரெடாகே நிறுவனத்தின் கான்சாய் தாம்பி வரிசையில் ‘ஸ்டாரி கலர்ஸ்’ என்று ஆறு வில்லை கொண்ட செட் வருகிறது. ஆறுமே தங்கத்தின் சாயல்கள்: வெண்பொன், செம்பொன், மஞ்சள் பொன், நீலம் கலந்த பொன் என்று போகும். கான்சாய் என்பது ஜப்பானிய மரபில் தூரிகைக்காக வந்த வண்ணம். மேற்கத்திய வாட்டர்கலர்போல நீர்த்துப் பரவ விடாமல், கெட்டியாகப் பூசுவதற்கானது. வில்லைகள் நீள்சதுரமாக, பெரிதாக இருக்கின்றன. அகலமான தூரிகையை அப்படியே வைத்துச் சுழற்றலாம். தூரிகையால் பெரிய எழுத்து எழுதுகிறவர், எழுத்தின் உட்புறத்தை நிரப்புகிறவர், கோலம்போல ஓரம் கட்டுகிறவர் இதை எடுக்கலாம். அந்த வேலைகளில் அதன் மினுக்கு இன்னும் துள்ளலாகத் தெரிகிறது. நிப்புக்கும் பயன்படும், ஆனால் ஃபைன்டெக்கைவிடச் சற்று அதிகக் கவனம் கேட்கிறது. தண்ணீர் விகிதத்தை அடிக்கடி சரிபார்க்க வேண்டும். ஆறு சாயலும் வேண்டும் என்கிறவருக்கு இதுவே சிக்கனம்.

இந்த இரண்டும் போக, பெயர் தெரியாத மலிவான செட்டுகள் ஆன்லைனில் குவிந்து கிடக்கின்றன. தகர டப்பாவில் நிறைய நிறங்கள், குறைந்த விலை. தூரிகையால் பூவும் இலையும் போட்டுப் பார்க்கக் குழந்தைகளுக்கு வாங்கிக் கொடுக்கலாம். நிப்புக்கு ஆகாது. செதில்கள் பருமனாக இருப்பதால் நிப்பின் பிளவில் சிக்கிக்கொள்கின்றன. மினுக்கு மட்டும் மேலே மிதக்க, அடியில் தாளின் நிறம் எட்டிப் பார்க்கும். விலை குறைவு என்று இதில் தொடங்குகிறவர் தன் கையில்தான் குறை என்று நினைத்து விட்டுவிடுவார். அதுதான் எனக்கு வருத்தம்.

எந்த வில்லை வாங்கினாலும் நிப்பை அதில் நேராகத் தேய்க்கக் கூடாது. நிப் மழுங்கும், வில்லையிலும் பள்ளம் விழும். வில்லையின் மேல் சில சொட்டுத் தண்ணீர் விட்டு ஓரிரு நிமிஷம் ஊற விடுங்கள். இதற்கென்றே ஒதுக்கிய பழைய தூரிகையால் சுழற்றி, பாலாடை நீக்கிய கெட்டிப் பால் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். தூரிகையில் எடுத்து நிப்பின் முதுகில், துளைக்குச் சற்றுக் கீழே தடவி எழுத வேண்டும். மைக்கா கனமானது, நீரில் நிற்காமல் அடியில் படிந்துவிடும். ஆகவே இரண்டு பெயருக்கு ஒருமுறையாவது கலக்க வேண்டும். கலக்காமல் எழுதினால் முதல் உறையில் தங்கமாக இருந்தது பத்தாவது உறையில் தவிட்டு நிறமாகியிருக்கும். புதிய நிப்பில் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசியிருப்பார்கள். அதைப் பற்பசையால் தேய்த்துக் கழுவாவிட்டால் இந்த வண்ணம் பிடிக்கவே பிடிக்காது, உருண்டு ஓடும். நிப்பில் நிக்கோ ஜி அல்லது ஸீப்ரா ஜி போதும். விறைப்பான முனை, கெட்டி வண்ணத்தையும் இறக்கிவிடும். ஹண்ட் 101 போன்ற மிக நுண்ணிய முனைகளில் அடைப்பு சீக்கிரம் வரும், அடிக்கடி கழுவ வேண்டும்.

தமிழ் எழுதுகிறவர்கள் தங்கத்துக்கு மட்டுமாவது பட்டை நிப்புக்கு மாறுவது நல்லது. முனை அகலமாக வெட்டப்பட்ட நிப்பைச் சாய்வாகப் பிடித்து எழுதினால் படுக்கைக் கோட்டுக்கும் உடம்பு கிடைக்கிறது. க-வின் தலை மங்குவதில்லை. உறையில் பெயர் எழுத ஒன்றரை மில்லிமீட்டரிலிருந்து இரண்டு வரை அகலம் சரியாக இருக்கும். மை தேக்கும் தகடு வைத்த நிப் என்றால் தகட்டுக்கு அடியில் வண்ணம் காய்ந்து அடைத்துக்கொள்ளும். எழுதி முடித்ததும் அங்கே தண்ணீர் விட்டுத் தூரிகையால் துழாவிக் கழுவ வேண்டும். பைலட் பேரலல் போன்ற மை உறிஞ்சும் பேனாக்களில் இந்த வண்ணத்தை ஊற்றவே கூடாது. உள்ளே படிந்தால் பேனா போய்விடும்.

சென்னை போன்ற கடலோர ஊர்களில் இன்னொரு விஷயம். வில்லையைக் கட்டி நிறுத்துவது பெரும்பாலும் பிசின். அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் எழுதிய வில்லையை ஈரத்தோடு மூடி வைத்தால் மேலே பூஞ்சணம் வெள்ளையாகப் படரும். மின்விசிறிக்கு அடியில் ஓர் இரவு திறந்து வைத்துக் காயவிட்டே மூட வேண்டும். எழுதிய உறைகளுக்கும் அதே நியாயம்தான். தொட்டால் ஒட்டாத வரை அடுக்க வேண்டாம்.

இனி பொடி. அமெரிக்காவின் ஜாக்கார்ட் நிறுவனம் ‘பேர்ல் எக்ஸ்’ என்று மைக்காப் பொடி விற்கிறது. அதை வாட்டர்கலராகக் குழைக்க காலிகிராஃபிக்காரர்கள் பொதுவாகச் சொல்கிற அளவு நான்கு பங்கு பொடிக்கு ஒரு பங்கு கம் அராபிக் என்ற பிசின் தூள். நம் ஊரில் நாட்டு மருந்துக் கடையில் கருவேலம் பிசின் கிடைக்கும். அதையும் பயன்படுத்தலாம், கொஞ்சம் பாடுபட வேண்டும். கட்டியை நுணுக்கி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து, மரத்தூளும் தூசியும் போக மெல்லிய துணியில் வடிகட்ட வேண்டும். கிடைக்கும் கரைசல் லேசான பழுப்பாக இருக்கும். தங்கத்துக்கும் செம்புக்கும் அது தெரியாது, வெள்ளிக்குத் தெரியும். வெள்ளி எழுத வேண்டுமென்றால் ஓவியப் பொருள் கடையில் கிடைக்கும் தெளிவான பிசின் திரவத்தை வாங்குங்கள்.

பொடியின் பலம் சாயலைக் கட்டுப்படுத்த முடிவது. மணப்பெண் சேலையின் ஜரிகை செம்பொன்னா வெண்பொன்னா என்று பார்த்து, அதே நிறத்துக்கு இரண்டு பொடிகளைக் கலந்துகொள்ளலாம். சாதாரண வாட்டர்கலர் ஒரு துளி சேர்த்தால் அரக்குப் பொன், பச்சைப் பொன் எல்லாம் வரும். இந்த வசதியை வில்லை தராது. பலவீனம், ஒவ்வொரு முறையும் கலவை சற்று மாறும். பிசின் குறைந்தால் எழுத்து விரலோடு வரும். கூடினால் கோடு கண்ணாடிபோல இறுகி, உறையை மடிக்கும்போது வெடிக்கும், நிப்பிலிருந்தும் இறங்காது. நிறைய உறைகளுக்கு எழுதுவதென்றால் மொத்தத்தையும் ஒரே கிண்ணத்தில் குழைத்து வைத்துக்கொள்ள வேண்டும், நடுவில் தீர்ந்துபோகக் கூடாது. பொடியைக் கையாளும்போது மாஸ்க் போடுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள். மிக நுண்ணிய தூசி அது, மூச்சில் போனால் நல்லதல்ல. சமையலறைக் கரண்டியையும் கிண்ணத்தையும் இதற்கு எடுக்காதீர்கள்.

மைக்கா என்றதும் சொல்லாமல் விட முடியாத ஒன்று இருக்கிறது. ஜார்க்கண்டின் கோடர்மா, கிரிடி பகுதிகளும் பீகாரும் இந்திய மைக்காவின் மையம். அங்கே கைவிடப்பட்ட சுரங்கங்களில் குழந்தைகள் காக்காய்ப்பொன் பொறுக்குவது பல வருஷங்களாக வெளிவந்துகொண்டிருக்கும் செய்தி. அதை மாற்றுவதற்கென்று ரெஸ்பான்சிபிள் மைக்கா இனிஷியேட்டிவ் என்ற அமைப்பு 2017-இல் தொடங்கப்பட்டது. ஆலையில் செய்யும் செயற்கை மைக்காவும் இருக்கிறது, சில வண்ணங்களில் அதைக் குறிப்பிட்டே விற்கிறார்கள். வாங்குமுன் விற்பவரிடம் மைக்கா எங்கிருந்து வருகிறது என்று ஒரு வரி எழுதிக் கேளுங்கள். கேட்கிறவர்கள் கூடினால்தான் பதில் வைத்திருக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு வரும். நாம் மங்கலத்துக்கு எழுதுகிற எழுத்து அது. அதன் பின்னால் ஒரு பிள்ளையின் படிப்பு போயிருக்கக் கூடாது.

பாட்டில் மையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். டாக்டர் பி.எச். மார்ட்டின்ஸ் நிறுவனத்தின் மினுக்கு மைகளில் ‘காப்பர்பிளேட் கோல்டு’ பல நாட்டுக் காலிகிராஃபிக்காரர்களின் மேசையில் இருக்கிறது. குழைக்கும் வேலை இல்லை, உடனே எழுதலாம். அடியில் படிந்ததை நன்றாகக் கலக்கிவிட்டு எழுத வேண்டும். குலுக்கினால் மட்டும் போதாது, குச்சியால் அடிவரை கிளற வேண்டும். பாட்டிலை நிமிஷக்கணக்கில் திறந்து வைத்தால் கெட்டிப்படும். சிறிய கிண்ணத்தில் ஊற்றி எழுதுவது நல்லது. கவனிக்க வேண்டியது, சில தங்க மைகள் அக்ரிலிக் அடிப்படையில் வருகின்றன. அவை காய்ந்தால் தண்ணீரில் கரையாது. மழையில் நனையக்கூடிய உறைக்கு அது நல்ல குணம். நிப்பில் காய்ந்துவிட்டால் அந்த நிப்பை மறந்துவிட வேண்டியதுதான். பயண நேரத்தில், ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கு நேரில் பெயர் எழுதித் தரும்போது பாட்டில் கைகொடுக்கும். மேசையில் நிதானமாக எழுத வில்லையே மேல்.

அசல் தங்கம் தனி உலகம். தங்கத் தாளைப் பிசினோடும் தேனோடும் அரைத்து, கழுவி, மீண்டும் பிசினில் கட்டுவது பழைய முறை. ஐரோப்பாவில் அதைக் கிளிஞ்சல் ஓட்டில் வைத்திருந்ததால் இன்றும் ‘ஷெல் கோல்டு’ என்கிறார்கள். ராஜஸ்தான் நுண்ணோவியர்களும் தங்கத்தை இப்படி அரைத்துத்தான் தூரிகையில் தொடுகிறார்கள், காய்ந்ததும் அகேட் கல்லால் தேய்த்து மெருகேற்றுகிறார்கள். மைக்காவுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இரண்டையும் அருகருகே வைத்தால் உடனே தெரியும். மைக்கா புள்ளி புள்ளியாக மினுக்குகிறது. தங்கம் தகடுபோல ஒரே ஒளியாக நிற்கிறது. கறுக்காது, மங்காது. விலையைச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு திருமண உறுதிமொழி, ஒரு குழந்தையின் பெயர், வீட்டுச் சுவரில் தலைமுறைக்கும் தொங்கப்போகிற ஒரு குறள் என்றால் முதல் எழுத்துக்கு மட்டும் அசல் தங்கம் தொட்டு, மற்றதை மைக்காவில் எழுதலாம். தஞ்சாவூர் ஓவியத்தில் ஒட்டுகிற தங்கத் தாளை இதற்குப் பயன்படுத்தலாமா என்று கேட்கிறார்கள். அது மக்கு என்கிற சுண்ணப் பசையால் புடைப்பு எழுப்பி அதன் மேல் ஒட்டுகிற வேலை. பெரிய முதலெழுத்துக்குச் செய்யலாம், நிப்பில் எழுதுவதற்கு உதவாது.

எதை எடுத்தாலும் தாள் பாதி வேலையைச் செய்கிறது. வெள்ளைத் தாளில் தங்கம் கடுகு நிறமாகவே தெரியும், எவ்வளவு விலை கொடுத்தாலும். தங்கத்துக்கு அடர் நிறம் வேண்டும், மேற்பரப்பு வழுவழுப்பாக இருக்க வேண்டும். சொரசொரப்பான கைத்தயாரிப்புத் தாள் பார்வைக்கு அழகு. அதில் மயிர்க்கோடு மேடு பள்ளத்தில் அறுபடும். பளபளப்புப் பூச்சு ஏற்றிய தாளில் வண்ணம் பிடிக்காமல் உதிரும். அச்சகத்தில் உறை தேர்ந்தெடுக்கும்போதே ஒரு மாதிரியைக் கேட்டு வாங்கி எழுதிப் பார்த்துவிடுங்கள்.

என் கணக்கு இப்படி நிற்கிறது. முதல் முறை வாங்குகிறவருக்கும் உறையில் பெயர் எழுதுகிறவருக்கும் ஒரு கொலிரோ தங்க வில்லை, ஒரு ஜி நிப், ஒரு பட்டை நிப். தூரிகை எழுத்துக்காரருக்கு கான்சாய் செட். கையில் வேலை படிந்து, வாடிக்கையாளரின் நிறத்துக்குப் பொருத்தித் தர நினைக்கிறவருக்குப் பொடி. பாட்டில், வெளியிடத்தில் எழுதுகிறவருக்கு. அசல் தங்கம், நீங்களே கேட்காமல் அந்த மடலே கேட்கிறபோது.

ஒரு வேலைக்கு மட்டும் இந்த நான்குமே வேண்டாம். நூற்றுக்கணக்கான பத்திரிகைகளின் உள்ளே ஒரே வாசகம் தங்க எழுத்தில் வர வேண்டுமென்றால், மெட்டாலிக் வண்ணத்தில் எழுதி ஸ்கேன் எடுக்க முயல வேண்டாம். ஸ்கேனரில் மினுக்கு பதிவாகாது, மண் நிறத்தில் திட்டுத் திட்டாக வரும். அந்த வாசகத்தைக் கறுப்பு மையில் வெள்ளைத் தாளில் எழுதி அச்சகத்தில் கொடுத்து, தங்க ஃபாயில் ஏற்றச் சொல்லுங்கள். உறையின் மேல் பெயர்களை மட்டும் வில்லையைக் குழைத்துக் கையால் எழுதுங்கள். ஃபாயிலின் சாயலைப் பார்த்துவிட்டு வில்லையின் சாயலைத் தேர்ந்தெடுத்தால் இரண்டும் சண்டை போடாது.